மன்னவனூருக்குக் கீழே தெரியும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு: உள்ளே என்ன இருக்கிறது, நடந்து இறங்கலாமா?

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் தாண்டிக் கவுஞ்சி வரை போனபோது, சாலைக்குக் கீழே வடமேற்கில் ஆளரவமே இல்லாத பெரிய பள்ளத்தாக்கு ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். கைப்பேசி வரைபடத்தில் ‘மஞ்சம்பட்டி’ என்ற ஒற்றைப் பெயரைத் தவிர அங்கே எதுவும் காட்டவில்லை. அது கொடைக்கானலைச் சேர்ந்ததா ஆனைமலையைச் சேர்ந்ததா, உள்ளே ஊர் உண்டா, அந்த வழியாக உடுமலைக்கு நடந்து இறங்க முடியுமா என்று கேட்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் மனதில் இருப்பது கடைசிக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதற்கு உடனடிப் பதில்: வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, சுற்றுலாப் பயணிக்கு அந்த வழியில் அனுமதி கிடைப்பதும் அரிது. ஆனால் இந்த ஒரு வரியோடு விட்டால், அது ஏதோ பூட்டி வைத்த வெற்றிடம் என்று நீங்கள் எண்ணிக்கொள்ளக்கூடும். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள், வயல் இருக்கிறது, கரூர் வரை போய்ச் சேரும் தண்ணீர் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நான் பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி அமராவதி ஆற்றோடு போனது. ஆகவே தண்ணீர் பற்றி நான் சொல்வதைத் தொழில்முறைப் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். மரம், விலங்கு, மலை மக்கள் பற்றிச் சொல்வதெல்லாம் வனத்துறைக் காவலர்களோடும் மலைக்காரர்களோடும் பழகியதில், அப்புறம் படித்ததில் கிடைத்தது. இரண்டையும் ஒரே எடையில் வைக்க வேண்டாம்.

முதலில் இடம். மலையமைப்பைப் பார்த்தால் அது பழனி மலைத்தொடரின் வடமேற்குச் சரிவு. நிர்வாகத்தைப் பார்த்தால் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கிழக்கு முனை. நீங்கள் நின்ற சாலை திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம். அதைச் சுற்றியுள்ள காடு 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்தில் வருகிறது. உங்கள் கண்ணுக்குக் கீழே தெரிந்த உட்பகுதி திருப்பூர் மாவட்டம், உடுமலைப்பேட்டை வட்டம். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறக்கும் வரை அது கோயம்புத்தூர். எதிர்ப்பக்கம் மேற்கே தெரியும் மலைகளில் பாதி கேரளத்தின் இடுக்கி மாவட்டம். சின்னார் சரணாலயமும் மறையூரும் அங்கேதான். மஞ்சம்பட்டிப் பகுதி என்று குறிக்கப்படுவது ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர். கொடைக்கானல்காரர்களுக்கும் சரி, உடுமலைக்காரர்களுக்கும் சரி, இது வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி: தங்களுடையது என்று தெரியும், விருந்தாளியை அங்கே அழைத்துப்போக மாட்டார்கள். வரைபடத்தில் பெயர்கள் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மன்னவனூரிலிருந்து அமராவதி அணைக்கு நேர்க்கோட்டில் அளந்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில்தான் வரும். சாலையில் போனால் கொடைக்கானல், பழனி, உடுமலை என்று சுற்றி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். உங்களுக்கு நடந்து இறங்கும் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. மலையேற்றக்காரர்கள் நிறையப் பேருக்கு வந்த ஆசைதான்.

இனி என் பக்கத்து விஷயம். இந்தப் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள எளிய வழி அதை ஒரு நீர்ப்பிடிப்பாகப் பார்ப்பது. பூண்டி, கவுஞ்சி, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்ப் பக்கத்து ஓடைகள் பல சேர்ந்து தேனாறு ஆகிறது. தேனாறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குகிறது. மேற்கே ஆனைமுடி மலைகளில் பிறந்து மறையூர் வழியாக வருவது பாம்பாறு. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக ஓடிவருவது சின்னாறு. இந்த மூன்றும் கூடித்தான் அமராவதி. ஆறுகள் சேரும் பகுதியை ஊரார் கூட்டாறு என்பார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் 1957-இல் கட்டிய அணை. அணையின் முழு உயரம் 90 அடி, கொள்ளளவு ஏறத்தாழ 4 டிஎம்சி. அதை நம்பித் திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கிறது. அணைக்கு மிக முன்பிருந்தே ஆற்றில் எட்டு ராஜவாய்க்கால்கள் உண்டு. கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர் என்று அந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே எங்கள் அலுவலகத்தில் நெல் நடவு பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். இத்தனைக்கும் அப்பால் ஆறு தாராபுரம் தாண்டி, கரூருக்குக் கிழக்கே திருமுக்கூடலூரில் காவிரியில் விழுகிறது.

இந்த மூன்று ஆறுகளுக்கும் மழை ஒரே நேரத்தில் வராது. சுற்றுலா வருகிறவர்களுக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. ஜூன் மாதத்தில் தென்மேற்குக் காற்று மூணாறு, ஆனைமுடிப் பக்கம் மோதித் தன் சரக்கையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். அந்த நீர் பாம்பாறு வழியாக வரும். காற்று சின்னாறு தாண்டும்போது அதில் ஈரம் மிச்சம் இருக்காது; சின்னார் காட்டில் ஆண்டுக்குச் சராசரி 500 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. மூணாற்றில் குடையோடு நடக்கும் அதே நாளில், ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளிச் சின்னாற்றில் முள்செடி காய்ந்து நிற்கும். கொடைக்கானல் மேல்மலைக்கு அக்டோபர், நவம்பரில்தான் கனமழை. அப்போது தேனாறு பேசும். அணையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கத்தில் வந்துவிடும்: ஆடி மாதம் மறையூர், காந்தலூர் மழைச் செய்தி கேட்போம், ஐப்பசியில் கொடைக்கானல் மழைச் செய்தி கேட்போம்.

தேனாற்றுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பாம்பாறு கேரளத்தில் பிறப்பதால் அது இரண்டு மாநில விவகாரம். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் தந்த இறுதித் தீர்ப்பில் பாம்பாற்று வடிநிலத்தில் கேரளத்துக்கு 3 டிஎம்சி ஒதுக்கியது. அதை வைத்துக் காந்தலூர் பக்கம் பட்டிசேரியில் அணை கட்டும் வேலை தொடங்கியபோது கரூர், திருப்பூர் விவசாயிகள் போராடினார்கள். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே எழுதப்போவதில்லை. சொல்ல வந்தது வேறு. தேனாற்றின் நீர்ப்பிடிப்பு தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. அதைக் கெடுத்தாலும் காப்பாற்றினாலும் பொறுப்பு நம்முடையது. எல்லைக்கு அப்பால் யாரையும் கைகாட்ட முடியாது. பட்டிசேரி பற்றிப் பேசுகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் மஞ்சம்பட்டி பற்றிப் பேச ஒருவர்கூட இல்லை என்பது என் பழைய வருத்தம்.

நீங்கள் நின்ற இடம் 2000 மீட்டர் அளவில் இருக்கும். அணை 400 மீட்டரை ஒட்டியது. இந்த ஆயிரத்து அறுநூறு மீட்டர் இறக்கத்தில் காடு பல தடவை ஆள் மாறும். உச்சியில் சோலையும் புல்வெளியும். சோலை மரங்கள் உயரமாக வளராது. கிளையெல்லாம் பாசி, காட்டு நாவல் வகைகள், சிவப்பாகப் பூக்கும் ரோடோடெண்ட்ரான். சரிவுகளில் இறங்க இறங்க ஈரம் குறைந்து, இலையுதிர்க் காடு வரும். அடியில் உசில், வேல், கள்ளி என்று முள்காடு. அதன் நடுவே ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது, புங்கன், மா என்று பச்சையாக ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. வாலோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு பூனை நீளம் இருக்கக்கூடிய இந்த அணிலுக்கு மரம் விட்டு மரம் தாவக் கிளைகள் தொடர்ந்து இருக்க வேண்டும். கரை மரங்களை வெட்டினால் அதற்குப் போக்கிடம் இல்லை. மேலே வரையாடும் கீழே நட்சத்திர ஆமையும் ஒரே மலைப்பகுதியில் இருப்பது அதிசயமாகத் தோன்றலாம், ஆனால் உயரமும் மழையும் இவ்வளவு வேகமாக மாறும்போது அது இயல்பு.

முதலையைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. அமராவதி நீர்த்தேக்கத்திலும் அதற்கு வரும் ஆறுகளிலும் சதுப்புநில முதலைகள் இயற்கையாக வாழ்கின்றன. தென்னிந்தியாவில் காட்டில் இனப்பெருக்கம் செய்யும் இவ்வகை முதலைகளின் மிகப் பெரிய கூட்டம் இங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். அமராவதிநகரில் முதலைப் பண்ணை 1976-இல் தொடங்கியதும் அதனால்தான். அணையில் ஜிலேபி மீன் கொழுத்துக் கிடக்கிறது. மனிதர்களும் முதலைகளும் அதையே தின்கிறோம். பொரித்த மீன் கடைகளில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் முதலைக்குத்தான் பாவமாக இருக்கும். ஆற்றில் இறங்கிக் குளிக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

ஊர்கள் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. மஞ்சம்பட்டி, தளிஞ்சி ஆகியவை உள்ளே இருக்கும் மலைக்குடியிருப்புகள். உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் இவற்றைத் தவிரவும் குழிப்பட்டி, மாவடப்பு, குருமலை, கோடந்தூர், ஈசல்திட்டு என்று பல குடியிருப்புகள் உள்ளன. ஆனால் அவை வேறு மடிப்புகளில் இருக்கின்றன, எல்லாவற்றையும் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு என்று சேர்த்துவிடக் கூடாது. இந்த மலைகளில் புலையரும் முதுவரும் வாழ்கிறார்கள். கேழ்வரகு, தினை, சாமை, மொச்சை போடுவார்கள். தண்ணீர் எட்டும் இடத்தில் நெல்லும் உண்டு. தைலப்புல் வெட்டிக் காய்ச்சி எண்ணெய் எடுப்பது இப்பக்கத்து மலைகளில் பழைய தொழில். அந்த அடுப்பு எரிந்தால் வாசனை வெகுதூரம் வரும்.

வெளியில் இருந்து பார்க்கும்போது அழகாகத் தெரியும் தனிமை அவர்களுக்கு அன்றாடத் தொல்லை. ஆறு பெருகினால் தளிஞ்சிக்காரர்களுக்குச் சாலைத் தொடர்பு அறுந்துபோகும். இந்த மலைக்குடியிருப்புகளிலிருந்து பிரசவ வலி வந்தவரையோ நோயாளியையோ தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்தியை மழைக்காலந்தோறும் நாளிதழில் படிக்கிறோம். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்கள் நிலத்துக்கும் குடியிருப்புக்கும் உரிமை கோர வழி செய்தது. இங்குள்ள புலையர் தங்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். இப்போது அவர்கள் பட்டியல் சாதிகளில் இருக்கிறார்கள். சாலை போட்டால் காடு கெடும், போடாவிட்டால் மனிதர் கெடுவர் என்ற வாதம் முடிவில்லாமல் நடக்கிறது. ஆற்றின் குறுக்கே கனரக வாகனம் போகாத, ஆளும் இருசக்கர வாகனமும் போகக்கூடிய பாலம் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது பொறியாளனாக என் கருத்து. இதற்குக் காட்டைப் பிளக்கும் தார்ச்சாலை தேவையில்லை.

மேல்விளிம்பு ஊர்கள் உங்களுக்கே தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை, போளூர். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ். கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு இறங்குவது பெரும்பாலும் பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு. மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது; நீங்கள் பார்த்திருக்கக்கூடிய பஞ்சுப் பொதி போன்ற ஆடுகள் அங்கே வளர்க்கும் பாரத் மெரினோ. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் பழனிக் கோயிலின் நிர்வாகத்தில் இருக்கிறது. மூலவர் நவபாஷாணத்தால் போகர் செய்தது என்று மக்கள் நம்புகிறார்கள். கோயில் பழமையானது என்பதில் ஐயமில்லை. போகர் கதையைப் பக்தியாக ஏற்கலாம், வரலாறாக நிறுவ முடியாது.

மேல்மலை விவசாயிகளான குன்னுவர் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு, எனக்குப் பிடித்த கதை. நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன் போருக்கோ பஞ்சத்துக்கோ தப்பித் தாராபுரம், காங்கேயம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் குறிப்புகளிலும் இது பதிவாகியிருக்கிறது. கதைதான், செப்பேடு இல்லை. ஆனால் தாராபுரம் அமராவதிக் கரையில் இருக்கும் ஊர் என்பதை நினைத்துப் பாருங்கள். கதை சரியென்றால், ஆற்றின் வயிற்றுப் பகுதியில் இருந்தவர்கள் ஆற்றின் தலைக்குப் போய்க் குடியேறியிருக்கிறார்கள். எந்த வழியாக ஏறினார்கள் என்பதைக் கதை சொல்லவில்லை. மலையில் பாதை இல்லாத காலத்தில் ஆற்றைப் பிடித்து ஏறுவது மனிதர்கள் வழக்கம் என்பதால் தேனாற்று வழியாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்களுக்கும் முந்திய மனிதர்களின் தடம் கல்திட்டைகள். தாண்டிக்குடி போன்ற கீழ்மலை ஊர்களிலும், மறுபக்கம் மறையூரிலும் பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் போட்ட சிறு அறைகளைப் பார்க்கலாம். மறையூரில் முனியறை என்பார்கள். பாண்டவர் தங்கிய வீடு என்ற கதையும் உண்டு. பழனி மலைக் கல்திட்டைகளை இரண்டு சேசு சபைப் பாதிரியார்கள் ஆராய்ந்து, அதை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. இறந்தோர் நினைவாக எழுப்பியவை என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இப்போது சர்ச்சைக்குரிய பகுதி. கொடைக்கானல் மேல்மலையில் நீங்கள் பார்த்த காட்டில் பெரும்பங்கு இயற்கைக் காடு கிடையாது. பைன், யூக்கலிப்டஸ், சீகை (ஆங்கிலத்தில் வாட்டில்) ஆகிய மூன்றும் மனிதன் நட்டவை. சுதந்திரத்துக்குப் பின் தோல் பதனிடவும், கூழ் ஆலைகளுக்கும், விறகுக்கும் புல்வெளிகளில் இவற்றை ஏக்கர் கணக்கில் வைத்தார்கள். புல்வெளியை அப்போது ‘தரிசு’ என்றே கணக்கெழுதினார்கள். செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் பழனி மலையின் இயற்கைப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று காட்டியது. இதுவரை உறுதி. ‘சீகை மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது, வெட்டினால் ஓடை திரும்பிவிடும்’ என்று கூட்டங்களில் பேசுவதை அதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. வேகமாக வளரும் மரம் புல்லைவிட அதிக நீர் எடுக்கும் என்பது சரியே. ஆனால் வெட்டியதும் அதே இடத்தில் புல் வருவதில்லை. சீகை விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வெட்டிய இடத்தில் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கும். சில பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக வளர்ந்து வருவதையும் தாவரவியலாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அங்கே மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். ஓடைக்கு ஓடை பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை மேடைப் பேச்சாக்கிவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அப்புறம், மஞ்சம்பட்டி என்றதும் இணையத்தில் உங்களுக்கு ‘வெள்ளைக் காட்டெருமை’ கிடைத்திருக்கும். சாம்பல் கலந்த வெளிர்நிறக் காட்டெருமைகளை இப்பள்ளத்தாக்கிலும் சின்னார்ப் பக்கமும் பார்த்ததாகப் பதிவுகள் உள்ளன. இது வெறும் கட்டுக்கதை இல்லை. ஆனால் அது தனி இனம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கருநிறக் கூட்டத்துக்குள் நிறக்குறைபாட்டோடு பிறக்கும் விலங்குகள் என்று கொள்வதே பொருத்தம். சேற்றில் புரண்டு காய்ந்த காட்டெருமையும் வெயிலில் வெளுப்பாகத்தான் தெரியும் என்று ஒரு வனக் காவலர் சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பதற்கு வருவோம். மேல்மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் வாகனச் சாலைக்கு வெகுகாலம் முன்பே இருந்தன, மலை மக்கள் இன்றும் சிலவற்றில் நடக்கிறார்கள். அதை வைத்து ‘பாதை இருக்கிறதே’ என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரே பகலில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் இறங்கும் முழங்கால் எத்தனை பேருக்கு இருக்கிறது? யானை தண்ணீருக்கு இறங்கும் பாதையும் நீங்கள் தண்ணீர் தேடி இறங்கும் பாதையும் ஒன்றுதான். மேலே குளிருக்குப் போட்ட உடையோடு கீழே முள்காட்டு வெயிலில் சிக்கினால் நீர்ச்சத்து போய் மயங்கிவிடுவீர்கள். கோடையில் புல் காய்ந்தால் தீ. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின. மழைக்காலத்தில் தேனாறு ஏறுவதை உள்ளே இருப்பவர் முன்கூட்டி அறிய வழியில்லை. மேலே கவுஞ்சியில் பெய்யும் மழை கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது, தண்ணீர் வரும்போதுதான் தெரியும்.

பேரிஜம் வழியாக மூணாறு டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய சாலையை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. அது தெற்கே, வேறு திசை. 1990 முதல் மூடிக்கிடக்கிறது. கிளாவரையிலிருந்து கேரளத்தின் வட்டவடைப் பக்கம் சாலை இணைப்பு வேண்டும் என்பது இன்னொரு பழைய கோரிக்கை, அதுவும் இன்னும் கோரிக்கைதான். எனவே வாகனத்திலும் குறுக்குவழி கிடையாது.

சரி, பார்க்கவே முடியாதா என்றால், முடியும். இரண்டு முனையிலும் பார்க்கலாம். மேல்முனையை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். அடுத்த முறை கூக்கால் பக்கமும் போய், காலை பத்து மணிக்குள் பாருங்கள், மதியத்துக்கு மேல் மேகம் ஏறி மூடிவிடும். கொடைக்கானல் மலையேற 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். கீழ்முனைக்கு உடுமலையிலிருந்து மூணாறு சாலையைப் பிடியுங்கள். ஒன்பதாறு சோதனைச்சாவடியில் காடு தொடங்கும், சின்னாறு சோதனைச்சாவடியில் மாநில எல்லை வரும். இடையில் இறங்கி நிற்கக் கூடாது, உணவைச் சாலையோரம் வீசக் கூடாது. தமிழ்நாடு அரசு 2024-இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் சின்னாறு சோதனைச்சாவடியிலிருந்து கூட்டாறு வரை ஒரு வழி சேர்க்கப்பட்டது. வழிகாட்டியோடு போகலாம், முன்பதிவு இணையத்தில். பள்ளத்தாக்கின் வாய்ப்பகுதியைச் சட்டப்படி காலால் தொட எனக்குத் தெரிந்த நல்ல வழி அதுதான். தீக்காலத்தில் இந்த வழிகளை மூடுவார்கள், ஆகவே கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், தேனாற்றில் தண்ணீரும் இருக்கும், காடும் பச்சையாக இருக்கும். திரும்பும்போது அமராவதிநகரில் இறங்கி அணையின் மேல் நின்று தெற்கே திரும்பினால், நீங்கள் கவுஞ்சியில் நின்று கீழே பார்த்த அதே மலைச்சரிவு எதிரே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கும். மீன் கடைகள் மாலை வரை இருக்கும்.